நரி கடையின் பௌர்ணமிக் கூடுதல்

குளக்கரையில் ஒரு நரி சாப்பாட்டுக் கடை நடத்தி வந்தது. கிழங்கு வறுவலும் நாவல்பழ ரசமும் அங்கே பிரசித்தம். ஓர் இலைக்கு நான்கு நெல்லிக்காய். சமைப்பதும் பரிமாறுவதும் கொக்கு.

பௌர்ணமி என்றால் காட்டுக்கே விடுமுறை. அன்று மத்தியானம் ஒரு முள்ளம்பன்றி தன் மனைவியோடு அங்கே சாப்பிட வந்தது. சிறுத்தையிடம் சிக்கி முதுகு முள்ளெல்லாம் இழந்த மனைவி, மூன்று மாதமாக வளையை விட்டு வெளியே வரவில்லை. இப்போதுதான் புது முள் முளைத்திருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் இந்தச் சாப்பாடு. கையில் சரியாக எட்டு நெல்லிக்காய்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் நரி சொன்னது: "பத்து நெல்லிக்காய்!"

"எட்டுதானே முதலாளி?"

"இன்னிக்கு விடுமுறை. ரெண்டு கூடுதல்!"

"எங்கேயும் எழுதிப் போடலையே?"

"ஏன் போடலே?" நரி வாலை நகர்த்தியது. பின்னால் ஓர் ஓலைத் துண்டு தொங்கியது. கடையை விட்டுப் போகிறவர் கண்ணில் மட்டும் அது படும்.

"எங்ககிட்ட எட்டுதான் இருக்கு."

"அதனாலென்ன? வீட்டம்மா முதுகில முள் பளபளன்னு இருக்கே! ரெண்டு பிடுங்கிக் கொடு. பல் குத்தன்னு வித்துக்கிறேன்."

மனைவி இரண்டடி பின்வாங்கியது. "ஏங்க, சிறுத்தை இருக்கிற வழியாத்தானே திரும்பணும்! முள்ளைக் கொடுத்துட்டு எப்படிப் போறது?"

முள்ளம்பன்றி கோபப்படவில்லை. அதற்கு வேறொரு சந்தேகம். "முதலாளி, கிழங்கு அதே கிழங்கு. ரசமும் அதே ரசம். அந்த ரெண்டு எதுக்கு?"

"லீவு நாளில வேலைக்கு வர்றாங்களே, அவங்களுக்கு!"

"அப்படியா! நியாயம்தானே! அவங்ககிட்டயே நேராப் பேசிக்கறேன்!"

நரி தடுப்பதற்குள் முள்ளம்பன்றி அடுப்படிக்குப் போய்விட்டது.

"கொக்கக்கா! பௌர்ணமிக் கூடுதல் உங்களுக்குத்தானாமே! இதுவரைக்கும் எவ்வளவு சேர்ந்திருக்கும்?"

"எனக்கா? நல்லாக் கேட்டே போ! போன பௌர்ணமிக்கு லீவு கேட்டதுக்குக் கூலியில ஒண்ணைப் பிடிச்சுட்டாரு!"

இலைக்குக் காத்திருந்த ஆமை கழுத்தை வெளியே நீட்டியது. "அடப்பாவி! போன மாசம் நானும் ரெண்டு அழுதேனே!"

"வெட்டிப் பேச்சு எதுக்கு? இலையைப் போடு!" என்று நரி கொக்கை அதட்டியது.

கொக்கு கரண்டியைக் கீழே வைத்தது. "விடுமுறைன்னு நீங்கதானே சொன்னீங்க முதலாளி!" சிறகை விரித்துக் குளத்துக்கு நடுவே போய் நின்றுகொண்டது.

பசியோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். முள்ளம்பன்றி எட்டு நெல்லிக்காயை எண்ணி வைத்துவிட்டு, முதுகில் ஒரு முள் குறையாத மனைவியோடு நடந்தது. அடிப்பிடித்த பானையை நரி தனியாகத் தேய்த்துக்கொண்டிருந்தது.

சாப்பிட உட்காரும்போது சொல்லாத விலையை எழுந்த பிறகு ஒருவர் சொன்னால், அது யார் கைக்குப் போகிறது என்று விசாரித்த பிறகே கொடுக்க வேண்டும்.