சுடலைமணியின் முதல் வரி

சீடருக்கு வயது நாற்பத்தாறு. குருவுக்கு இருபத்தொன்பது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் இது நடந்தது.

வணிகவியல் ஆசிரியர் சுடலைமணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நூலகர் நஸ்ரின் முன்னால் வந்து நின்றார். உப்பளத் தொழிலாளரின் கால் புண்ணையும், அதனால் அவர்கள் இழக்கும் வேலைநாட்களையும் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார்.

"மூணு நாளாத் தேடிட்டேன் மேடம். இந்தப் புண்ணைப் பத்தி உலகத்துல ஒருத்தரும் எழுதல. நான்தான் முதல் ஆள்!"

கட்டுரையின் முதல் வரியே அதுதான். மறுநாள் கருத்தரங்கில் நாலு ஊர்ப் பேராசிரியர்கள் முன்னால் அதைத்தான் வாசிக்கப் போகிறார். பெருமை இருக்காதா பின்னே? அவருடைய அம்மா முப்பது வருஷம் உப்பு வாரியவள்.

"எந்த டேட்டாபேஸ்ல தேடுனீங்க சார்?"

"நம்ம வணிகவியல் டேட்டாபேஸ்தான். லட்சக்கணக்குல கட்டுரை இருக்கு. ஒண்ணுகூட வரல."

உள்ளே வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் பதிவேட்டை எடுத்து நஸ்ரின் அவர் முன்னால் வைத்தார்.

"உங்க வீட்டம்மா பேரு?"

"செண்பகவல்லி."

"இதுல தேடுங்க."

சுடலைமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ நர்ஸு மேடம். இங்க எதுக்கு வரப்போறா?"

"அப்ப அவங்கள எங்க தேடணும்?"

"ஆஸ்பத்திரியில."

"புண்ணையும் அங்க தேடலாமே சார்."

நஸ்ரின் மருத்துவ டேட்டாபேஸைத் திறந்துவிட்டு நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். சுடலைமணி தானே தட்டிப் பார்த்தார். முப்பத்தேழு கட்டுரைகள் வந்தன. எந்தெந்த நாட்டு உப்பளமெல்லாமோ அதில் இருந்தது.

சபையில் மானம் போகாமல் தப்பித்ததுகூட அவருக்குப் பெரிதாகப்படவில்லை. பேனாவை எடுத்து முதல் வரியை அடித்தார்.

"எங்கம்மா சாகிற வரைக்கும் அந்தப் புண்ணு ஆறல மேடம். எவனும் அதைத் திரும்பிப் பாக்கல, நானாவது எழுதுறேனேன்னு ஒரு பெருமை. இப்ப அதுவும் போச்சு."

நஸ்ரின் திரையில் இருந்த அந்தப் பட்டியலை அவர் பக்கம் திருப்பிவைத்தார்.

"உங்கம்மா காலை முப்பத்தேழு பேரு குனிஞ்சு பாத்திருக்காங்க சார்."