ஐந்து நிமிட அழைப்பு

ஏலகிரி மலைமேல், பேருந்து நின்று திரும்புகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு ஓட்டு வீடு. அங்கே சௌந்தரவல்லி என்றொரு குரு இருந்தார். நாற்பது வயதுப் பெண். சும்மா உட்காரக் கற்றுத்தருவார். எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

சீடர் மதியழகன் அவரைவிட மூத்தவர். சென்னைக்காரர். வாரம் ஒரு கட்டுரை இணையத்தில் எழுதுவார். காலையில் எப்படி எழுவது, ஒரு பழக்கத்தை எப்படி விடாமல் பிடிப்பது, வீட்டிலிருந்தே எந்த வியாபாரம் இனி ஓடும், இப்படி. நிறையப் பேர் படித்தார்கள்.

அன்று அவர் வந்தபோது மொட்டைத் தலையில் இன்னும் முடி துளிர்க்கவில்லை. அம்மாவுக்குக் காரியம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

"டீச்சர், ஒரு கட்டுரையை அழிச்சிடலாமா வேண்டாமான்னு தெரியலை. தூக்கமே வரலை."

"அதுக்கா மலையேறி வந்தீங்க? ஒரு பட்டன்தானே?"

"நான் எழுதினதுலயே அதிகம் பேர் படிச்சது அதுதான்."

"என்ன எழுதியிருந்தீங்க?"

"எவ்வளவு வேலை இருந்தாலும் அம்மாகிட்ட தினம் பேசறது எப்படின்னு. சாயங்காலம் அஞ்சு நிமிஷம். பேசி முடிச்சதும் போன்ல ஒரு டிக் போட்டுடணும். நான் ஒரு நாள்கூட விட்டதில்லை. இன்னிக்குக் காலைலகூட ஒருத்தர் எழுதியிருக்கார், 'உங்களாலதான் சார் அப்பாவோட தினம் பேசறேன்'னு."

"அஞ்சு நிமிஷத்துல எப்படி முடியும்? எங்க அண்ணி போனை எடுத்தா அடுப்புல சாதம் குழைஞ்சிடும்."

"அதுக்கும் வழி சொல்லியிருந்தேன். பேச்சு தீர்ந்துட்டா நம்ம ஆளுங்க 'அப்புறம்?'னு கேப்பாங்க இல்லையா? அது வந்ததும் வெச்சுடணும். அதுக்கு மேல எல்லாம் வெட்டிப் பேச்சுன்னு எழுதினேன்."

"அம்மாவும் கேப்பாங்களா?"

"தினமும். நான் 'அவ்வளவுதாம்மா, வெச்சுடறேன்'பேன்."

மதியழகன் நிறுத்திக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார் குரு.

"அவ்வளவுதான் டீச்சர்."

குரு அசையவில்லை. வெளியே ஒரு ஸ்கூட்டர் மேட்டில் திணறி ஏறிப் போனது. சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"அப்புறம்?"

"போகப் போக அம்மா அதைக் கேக்கறதையே விட்டுட்டாங்க. 'உனக்கு நேரமாச்சு, வெச்சுடவா?'ன்னு அவங்களே முடிச்சுடுவாங்க. அம்மாவும் பழகிட்டாங்கன்னு நெனச்சேன். அதையும் பெருமையா எழுதினேன்."

"அப்புறம்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவங்க பழகலை டீச்சர். அக்கா அந்தக் கட்டுரையைப் படிச்சுக் காட்டியிருக்கா. அதைக் கேட்டுட்டுத்தான் 'அப்புறம்?'னு கேக்கறதை விட்டிருக்காங்க. முந்தாநாள் அக்கா போன்ல சொன்னா. அம்மாவுக்கு ரொம்ப நாளா நெஞ்சுல வலி. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, 'தம்பி வரட்டும், அவனோட போறேன்'னிருக்காங்க. சரி, அவன்கிட்ட சொல்லவாவது சொல்லும்மான்னா, 'நீ சொல்லிடாதே, நானே நேரம் பாத்துச் சொல்லிக்கறேன். இதை எடுத்தா அஞ்சு நிமிஷத்துல முடியாதுடி, பாவம், அவனுக்கு வேலை கெட்டுப்போயிடும்'னு..."

மதியழகன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"அழிச்சிடவா டீச்சர்?"

"படிச்சவங்க மனசுலேருந்து அது போயிடுமா?"

"அப்போ நடந்ததை எழுதட்டுமா?" மதியழகன் நிமிர்ந்தார். "அம்மா சொன்னதை அப்படியே. அதை முதல் வரியிலயே போட்டுட்டா ஒருத்தரும் பாதியில நிறுத்தமாட்டாங்க. இதுவரைக்கும் நான் எழுதினதுலயே இதைத்தான் அதிகம் பேர்..."

தன் குரல் தனக்கே கேட்டிருக்க வேண்டும். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

குரு அவரைத் தேற்றவில்லை. குலுங்கல் அடங்கியதும் கேட்டார்.

"இதைச் சொல்லும்போது அக்கா அழுதாங்களா?"

"அழுதா. 'அம்மா பேச்சைக் கேட்டிருக்கக் கூடாதுடா, நானாவது உனக்குச் சொல்லியிருக்கணும்'னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. வெச்சுட்டேன்."

"அவங்களோட வேற யார் இருக்காங்க?"

"யாரும் இல்லை. அந்த வீட்ல இப்போ அவ மட்டும்தான்."

குரு எழுந்தார். ஜன்னலோரம் விரித்திருந்த தன் பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்து, அந்த இடத்தைக் காலியாக்கினார்.

"இங்க வந்து உக்காருங்க" என்றார். "இந்த வீட்ல இந்த ஒரு மூலையிலதான் சிக்னல் கிடைக்கும்."