வேலை கொடுத்தால் அணைந்துவிடும் பெட்டி

“அக்கா, வேலை கொடுத்தா செத்துப்போயிடுது.”

“யாரு?”

“கம்ப்யூட்டர்.”

மெய்யம்மை தலை நிமிரவில்லை. ஒரு பிரிண்டரின் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தாள்.

“வேலை கொடுக்கலைன்னா?”

“நல்லா இருக்கு. பாட்டுப் பாடுது. படம் ஓடுது.”

“அப்படியே என் தம்பி.”

சேவுகனுக்குச் சிரிப்பு வரவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

காரைக்குடியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது மெய்யம்மையின் சர்வீஸ் கடை. கல்லூரியில் அவனுக்கு ஒரு வருடம் சீனியர். எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பாள். அதனால் லேபில் எல்லோரும் அவளைக் குரு என்று கூப்பிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். சேவுகன் மட்டும் அதை நம்பிவிட்டான்.

“திங்கக்கிழமைக்குள்ள ஒரு வீடியோ அனுப்பணும்க்கா. கம்ப்யூட்டர்லயே வரைஞ்ச ஒரு வீட்டுக்குள்ள நடந்து போற மாதிரி. கோயம்புத்தூர்ல ஒரு ஸ்டூடியோ. அதைப் பார்த்துட்டுத்தான் வேலைக்கு எடுப்பாங்க.”

“சரி.”

“பாகம் பாகமா வாங்கி நானே மாட்டுன மெஷின். வரைஞ்சதை வீடியோவா மாத்த விட்டா மாடிப்படி வரைக்கும் போகுது. அதோட பொட்டுன்னு அணைஞ்சிடுது.”

“என்னென்ன பண்ணுன?”

“ரேமைக் கழட்டி மாட்டுனேன். பவர் சப்ளையை மாத்திப் பார்த்தேன். விண்டோஸை அழிச்சுட்டு மறுபடி போட்டேன். கரண்டு பத்தலையோன்னு ஃபிரிட்ஜைப் பிடுங்கிட்டு அந்த பிளக்குல சொருகுனேன்.”

“அப்ப?”

“பால் திரிஞ்சுபோச்சு. அம்மா திட்டுனாங்க. அப்புறம் பக்கத்துல டேபிள் ஃபேன் வச்சேன்.”

“உள்ள எவ்வளவு சூடாகுதுன்னு பார்த்தியா?”

சேவுகன் துண்டை மடித்தான். மறுபடி பிரித்து மடித்தான்.

“அதைக் காட்டுற சாஃப்ட்வேரை இறக்கி வச்சிருக்கேன். திறக்கலை.”

“ஏன்?”

“பயமா இருந்துச்சு.”

மெய்யம்மை பிரிண்டரிலிருந்து கையை எடுத்தாள்.

“அக்கா, அணையவே கூடாதுன்னு ஏதாவது செட்டிங் இருக்காமே? யூடியூப்ல ஒருத்தர் சொன்னாரு. அதை மட்டும் போட்டுக் கொடுங்க, போதும்.”

“போட்டுடலாம்.”

அவன் முகம் மலர்ந்தது.

“அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை” என்றாள். ஆணியில் தொங்கிய மழைக்கோட்டை எடுத்து நீட்டினாள். “இதைப் போட்டுக்க. பட்டனெல்லாம் போடு. அந்தப் பழைய மானிட்டரைத் தூக்கிக்கிட்டு கீழ போ. அப்படியே மேல வா. நான் சொல்ற வரைக்கும் போய்ட்டு வந்துக்கிட்டே இரு.”

“மழை இல்லையேக்கா.”

“இல்ல.”

வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மானிட்டரோ அந்தக் காலத்துப் பெரிய பெட்டி மானிட்டர். சேவுகன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அதைத் தூக்கினான். குரு சொன்னால் காரணம் இருக்கும்.

கீழே மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, மாடியில மழையா?”

அடுத்த முறை இறங்கியபோது அவர், “குடை வேணுமா?” என்றார்.

அதற்கும் அடுத்த முறை அவர் கேலி செய்யவில்லை. “குளுக்கோஸ் கரைக்கவா?” என்று கேட்டார்.

பாதிப் படியில் சேவுகன் மானிட்டரை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

மெய்யம்மை மேல்படியில் வந்து நின்றாள். “நான் நிக்கச் சொல்லலையே.”

“முடியலக்கா. உள்ளே வேகுது.”

“கால் ஒடிஞ்சுபோச்சா?”

“இல்ல.”

“யாராவது பிடிச்சு நிறுத்துனாங்களா?”

“இல்லக்கா. நானாத்தான் நின்னேன்.”

“நிக்காமப் போற மாதிரி ஒரு செட்டிங் போடட்டுமா?”

“செத்துடுவேன்க்கா!”

அவள் உள்ளே போய் ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்தாள். நீளமான ஒயரோடு வாசலில் வைத்து, அவனைப் பார்க்கத் திருப்பி, முழு வேகத்தில் சுழல விட்டாள். மழைக்கோட்டு படபடவென்று அடித்துக்கொண்டது.

“இப்ப எப்படி இருக்கு?”

“காத்து வருது. ஆனா எனக்கு வரலை.”

“ஏன்?”

“அதான் இந்த பிளாஸ்டிக் நடுவுல...”

சேவுகன் குனிந்து மழைக்கோட்டைப் பார்த்தான்.

பிறகு எழுந்து, மழைக்கோட்டோடே, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினான்.

மெய்யம்மை மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் அவன் பெட்டியைத் திறந்து கூலரைக் கழற்றியிருந்தான். பிராசஸர் சிப்பின் சூட்டை உறிஞ்சிக்கொள்ள வேண்டிய அதன் அடிப்பக்கத்தில், கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள் பத்திரமாக ஒட்டியிருந்தது. மாட்டும் முன் இதை உரிக்கவும் என்று அதிலேயே ஆங்கிலத்தில் சிவப்பாக எழுதியிருந்தது.

“இதைப் பார்க்கலையா?”

“பார்த்தேன்.”

“படிக்கலையா?”

“படிச்சேன்.”

“அப்புறம்?”

“எங்க வீட்டுல எதையும் உரிக்க மாட்டோம்க்கா. ஃபிரிட்ஜ் கதவுல கடைக்காரர் ஒட்டுன ஸ்டிக்கர் இன்னும் இருக்கு. ரிமோட்டுக்கு பாலிதீன் கவர். அப்பா வண்டி சீட்டுல கம்பெனி கவருக்கு மேல இன்னொரு கவர்.”

“அதெல்லாம் வெளியே தெரியுற சாமான். இது உள்ளே கிடக்கிறது. இதை யார் பார்க்கப் போறா?”

சேவுகன் தாளின் ஓரத்தைத் தடவினான்.

“உரிச்சுட்டா கடையில திருப்பி எடுத்துக்க மாட்டாங்க.”

“திருப்பிக் கொடுக்கப் போறியா?”

“இல்லக்கா. எங்க வீட்டுல கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆளே நான்தான். ஒருவேளை எனக்கு இதெல்லாம் சரியா வரலைன்னா, புதுசு மாதிரியே திருப்பிக் கொடுத்துடலாம்னு...”

“சூட்டைக் கடத்துற பேஸ்ட்டு தடவுனதுக்கு அப்புறமா?”

“தாளுக்கு மேலதானே பட்டிருக்கு.”

மெய்யம்மையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சேவுகன் முதலில் முறைத்தான். பிறகு, மழைக்கோட்டுக்குள் வியர்வை வழிய, அவனும் சேர்ந்துகொண்டான்.

“உரி” என்றாள்.

“நீங்களே உரிச்சுடுங்கக்கா.”

“என் மெஷினா?”

அவன் நகத்தால் ஒரு மூலையை நெம்பினான். வழுக்கியது. மறுபடி நெம்பினான். சர்ரென்று முழுசாக வந்துவிட்டது. அடியில் செம்பு பளபளத்தது. அதில் அவன் முகம் மங்கலாகத் தெரிந்தது.

பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தார்கள். கூலரை மாட்டினார்கள். வரைந்ததை மறுபடி வீடியோவாக மாற்ற விட்டார்கள்.

வாசல் வந்தது. கூடம் வந்தது. மாடிப்படி வந்தது.

சேவுகன் கண்ணை மூடிக்கொண்டான்.

“தொறடா. படி ஏறியாச்சு” என்றாள் மெய்யம்மை.

வெயில் தாழ்ந்தபோது கம்ப்யூட்டர் மொட்டைமாடிக் கதவைத் திறந்து வீடு முழுவதையும் காட்டி முடித்திருந்தது. ஒரு தடவைகூட அணையவில்லை.

“அனுப்பிடு.”

“திங்கக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கேக்கா.”

“எதுக்கு?”

அவன் மின்னஞ்சலைத் திறந்து தட்டினான். பெயர், ஊர், படிப்பு, வீடியோ. கடைசியில் ஒரு வரி சேர்த்தான். ‘இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன், தவறுகள் இருந்தால் மன்னிக்கவும்.’

மெய்யம்மை அவன் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள்.

“என்ன தவறு?”

“தெரிஞ்சு எதுவும் இல்லக்கா.”

“பின்ன இந்த வரி?”

“இல்ல, ஒருவேளை அவங்களுக்குப் பிடிக்காமப் போனா...”

அவன் விரல் அந்தரத்தில் நின்றது.

மேசையில், உரித்த பிளாஸ்டிக் தாள் கிடந்தது.

சேவுகன் அந்த வரியை அழித்தான். மீதியை அனுப்பினான்.