சடைச்சி சொன்ன சாட்சி

சபாபதி முதலியாரைக் கோயில் தர்மகர்த்தாவாக்க ஊர் முடிவு செய்தது. அதற்கு முன், பிறர் உடைமை எதுவும் தன்னிடம் இல்லையென்று அவர் ஐயனார் திடலில் சத்தியம் செய்ய வேண்டும். பண்ணையாள் ஒருவர் சாட்சி சொல்வதும் வழக்கம். முதலியார் தம் அடிமை சடைச்சியைக் கூப்பிட்டார்.

"சாமி முன்னால பொய் சொல்லக்கூடாது. என்மேல ஒரு குறையும் சொல்லக்கூடாது. புரிஞ்சுதா?"

"சரிங்க ஆண்டே."

சடைச்சியின் ஒரே மகளைப் போன வருஷம்தான் முதலியார் தம் மகளின் சீர்வரிசையோடு மாயவரத்துக்கு அனுப்பியிருந்தார்.

மறுநாள் ஊரே திடலில் கூடியது. சடைச்சி கும்பிட்டுவிட்டுப் பேசினாள்.

"ஐயனாரே, ஆண்டைகிட்ட அடுத்தவங்க உடைமை எதுவுமில்லை. என் கையும் காலும் அவருது. நான் பெத்த பொண்ணும் அவருதுதான், அதான் சீரா கொடுத்தாரு. எனக்குன்னு எதுவுமே இல்லாதப்ப, எங்கிட்டேருந்து அவரு எதை எடுத்திருக்க முடியும்?"

சொன்னதில் பொய்யும் இல்லை, குறையும் இல்லை. முதலியார் சத்தியம் செய்ய வாயெடுத்தார். ஆனால் சத்தியம் செய்யாமலே திடலை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனார். அன்று மாலையே அடிமைகள் எல்லோரையும் கூப்பிட்டு, "இனிமே நீங்க யாருக்கும் சொந்தமில்லை" என்றார். மாயவரத்துக்கு வண்டி போயிற்று.

பதவி வேறொருவருக்குப் போனது. வண்டி திரும்பி வந்த அன்று சடைச்சி அவரைக் கும்பிட்டு, "ஆண்டே" என்றாள்.

"அப்படிக் கூப்பிடாதே. இப்ப அது பொய்" என்றார் முதலியார்.

வேறெப்படிக் கூப்பிடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. வண்டியிலிருந்து இறங்கிய மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.