ஊற்றைக் குடித்த மரம்

"அம்மா, இந்த மரத்தை வெட்டிடுங்க. இல்லேன்னா நான் ஊருக்குக் கிளம்பறேன்."

நீலகிரியிலிருந்து ஆஸ்திரேலியா வரை குருவைத் தேடி வந்தவர் போஜன். வந்த இடத்தில் சுற்றிலும் தைலமரக் காடு. எல்லோரும் அம்மா என்று அழைக்கும் அந்தக் குரு தியானத்துக்கு உட்காருவதோ அதிலேயே மிகப் பழைய மரத்தடியில்.

அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. கோபத்தில் மட்டும் போஜன்தான் குழந்தை.

"மரம் என்ன பண்ணுச்சு?"

"எங்க ஊர் ஊத்தைக் குடிச்சிருச்சு. மலை பூரா இதைத்தான் நட்டாங்க. வத்திப்போன ஊத்துகிட்ட எங்கம்மா சும்மா போய் நின்னுட்டு வருவாங்க, சாகறவரைக்கும். இந்த வாசனை வந்தாலே என்னால கண்ணை மூட முடியல."

அம்மா கோடரியை எடுத்து வந்து கொடுத்தார்.

"வெட்டுங்க. உள்ள இருக்கறவங்களை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

போஜன் கோடரிக் காம்பால் மரத்தைத் தட்டினார்.

ஒரு பொந்திலிருந்து கிளிகள் கத்திக்கொண்டு பறந்தன. இன்னொன்றிலிருந்து முதுகில் குட்டியோடு ஏதோ ஒரு பிராணி எட்டிப் பார்த்தது. தூக்கம் கெட்ட எரிச்சலில் திரும்ப உள்ளே போய்விட்டது.

போஜன் மறுபக்கம் போனார். அங்கே ஒரு குழந்தையின் நீளத்துக்குப் பட்டை இல்லை. பழைய தழும்பு. ஓரங்களில் பட்டை தடித்து மூடிக்கொண்டு வந்திருந்தது.

"இது யார் வெட்டினது?"

"இந்த மண்ணோட பூர்வகுடிகள். பிள்ளையைப் படுக்க வைக்கப் பட்டையில தொட்டி செய்வாங்க. ஒரு பிள்ளைக்கு வேணுங்கற அளவுதான் உரிப்பாங்க. மரம் பிழைச்சுக்கும்."

"அவங்கல்லாம் இப்போ?"

"வெள்ளைக்காரங்க வந்து விரட்டினாங்க. காட்டை அழிச்சு ஆடு மேய்ச்சாங்க. மிஞ்சினது இவ்வளவுதான். அந்த வம்சத்துல ஒருத்தர் பக்கத்து ஊர்ல இருக்காங்க. அவங்களைக் கேட்டுத்தான் நான் இங்க குடிசை போட்டேன்."

போஜன் கோடரியைக் கீழே வைத்தார்.

"எங்க மலையில நடும்போது எங்களை யாரும் கேக்கலைம்மா."

"இங்கேருந்து அங்க கொண்டுபோகும்போது மரத்தையும் யாரும் கேக்கலை."

போஜன் தழும்பில் கை வைத்தார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அந்த வாசனை அவருக்குப் பிடித்திருந்தது.

பிறகு குடிசைக்குப் போய்த் தன் சொம்பை எடுத்து வந்தார். குடிக்க வைத்திருந்த தண்ணீரை மரத்தின் வேரில் ஊற்றினார்.

"இதுக்கு மழையே போதும், ஐயா."

"தெரியும்மா. இது நானாவே குடுக்கறது."