நாலு மணி நேரத் தூரம்

போனுக்குள் முதலில் ஓர் இரைச்சல் கேட்டது. விமானத்துக்குள் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், காதை அடைக்கும் அந்தச் சீரான இரைச்சல். அதற்குள்ளிருந்து தம்பியின் குரல்: "வரேண்ணே." அவ்வளவுதான். பதினோரு வருடமாகியும் அது உலகநாதனின் காதை விட்டுப் போகவில்லை.

விமானங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுத்து ஓய்வுபெற்றவர் அவர். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், காற்று எதிர்த்தால் எத்தனை நிமிடம் கூடும் என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கும். திருச்சி ஓடுபாதைக்குப் பக்கத்தில் உள்ள சிறு மடத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. குரு வடிவாம்பாளுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் 'அம்மா' என்றுதான் அழைப்பார்.

நாள்தோறும் பிற்பகல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சிங்கப்பூர் விமானம் இறங்கும் நேரம். வருகை வாசலில் கடைசிப் பயணி வெளியே வரும்வரை நிற்பார்.

"விமானச் சாமி புறப்பாடு ஆயிடுச்சு!" என்று மடத்துச் சமையல்காரர் சிரிப்பார்.

அன்று குரு கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"யாரை அழைச்சுட்டு வரப் போறீங்க ஐயா?"

"தம்பி நடேசனை."

"அவர் எங்கே இருக்கார்?"

"சிங்கப்பூர்ல, ஆஸ்பத்திரியில இருந்தான். மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாலு மணி நேரம். பதினோரு வருஷம் முன்னாடி, அவனைப் பார்க்கப் போக டிக்கெட்டோட இந்த ஏர்போர்ட் வரிசையில நிக்கிறேன், காலை ஏழு மணிக்குப் போன். 'வரேண்ணே'ன்னான். குணமாயிடுச்சு, வீட்டுக்கே வரான்னு நினைச்சேன். வரிசையை விட்டு வந்துட்டேன். பிற்பகல் வருகை வாசல்ல போய் நின்னேன்."

"வந்தாரா?"

"மறுநாள் வந்தான். பெட்டியில."

சட்டைப்பையிலிருந்து நைந்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இறப்புச் சான்றிதழ். காலை ஒன்பது பத்துன்னு போட்டிருக்கு. அங்கே நம்மளைவிட ரெண்டரை மணி நேரம் கூட. இங்கே அப்போ ஆறு நாற்பது. ஆயுசுக்கும் இந்தக் கணக்கைத்தான் போட்டேன், தப்பாது. ஏழு மணிக்கு என்கிட்டப் பேசினது யாரம்மா? பெட்டியில வந்தவனுக்குக் கொள்ளி வெச்சுட்டேன். பேசினவன் இன்னும் வரலையே."

குரு காகிதத்தைத் தொடவில்லை.

"வரேன் ஐயா" என்று எழுந்து வாசல்வரை நடந்தார். அங்கே முதுகைக் காட்டியபடி நின்றுவிட்டார்.

ஒரு விமானம் தாழப் பறந்து போயிற்று. அதன் நிழல் முற்றத்தைத் தடவிக் கடந்தது. இரைச்சல் அடங்கிய பின்னும் குரு அசையவில்லை. வாசலின் நடுவில் நிற்காமல் ஓரமாக நின்றிருந்தார். பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு நிற்பதுபோல.

உலகநாதன் எழுந்து நின்றார்.

"போகலையாம்மா?"

"எப்படிப் போறது? வரேன்னு சொல்லியாச்சு. போயிட்டு வான்னு நீங்க இன்னும் சொல்லலையே."

குருவின் பக்கத்தில் இருந்த அந்த வெற்றிடத்தைப் பார்த்து உலகநாதன், "போயிட்டு வாடா" என்றார்.

அடுத்த ஐப்பசியில் அவர் மடத்திலேயே இறந்தார். அன்றைக்குப் பிறகு ஒருநாளும் அவர் வருகை வாசலுக்குப் போகவில்லை.