முத்திரை படாத கூடைகள்

ஒரு காட்டில் முள்ளம்பன்றி ஒன்று கிழங்கு வியாபாரம் செய்துவந்தது. வியாபாரத்துக்கு வரும் கூடைகளில் பத்துக் கிழங்குக்கு ஒன்றை ஆமை எடுத்துப் பொதுக்குழியில் சேர்க்கும். பஞ்சகாலத்தில் அது எல்லோருக்கும் உதவும். எடுத்ததற்கு அடையாளமாகக் கூடையின் மேல் தன் சேற்றுக் காலைப் பதிக்கும்.

முள்ளம்பன்றியின் பின்னறையில் கால் படாத கூடைகள் இருபது இருந்தன. சுண்டெலியின் விதைக்கிழங்குக் கூடையும் அவற்றோடு இருந்தது.

"என் வளையில் தண்ணீர் ஏறும், அண்ணா. மழை விடும்வரை இங்கே இருக்கட்டும். ஆமையிடம் காட்டிவிட்டுக் கொண்டுவருகிறேன்" என்றுதான் சுண்டெலி சொன்னது.

"அவர் நடந்து வருவதற்குள் கிழங்கு முளைத்துவிடும். சும்மா உள்ளே வை" என்றது முள்ளம்பன்றி.

ஒருநாள் காவல்காரக் கீரி வாசலில் வந்து நின்றது. "கௌதாரியின் முட்டைகளைக் காணோம். எல்லா வளைகளையும் சோதிக்கிறோம்."

முள்ளம்பன்றி முட்டையைத் தொட்டதே இல்லை. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியதும் அதற்கு ரோஷம் வந்தது.

முன்னறையை மோந்துவிட்டுக் கீரி திரும்பியது. "போதும், வியாபாரியாரே."

"எப்படிப் போதும்? நாளைக்கு இவர்கள் என்னைத் திருடன் என்பார்கள். பின்னறையையும் பாருங்கள்" என்று முள்ளம்பன்றி தானே அதை மூடியிருந்த கல்லைப் புரட்டியது.

கீரி உள்ளே போய் வந்தது. "முட்டை இல்லை. நீங்கள் திருடவில்லை." பிறகு மெல்லக் கேட்டது: "கூடைகளில் ஆமையின் காலைக் காணோமே?"

"அது உங்கள் வேலை இல்லையே."

"இல்லைதான். ஆமையிடம் சொல்லிவிடுகிறேன்."

மறுநாள் ஆமை இரண்டு எருமைகளோடு வந்தது.

"பத்துக்கு ஒன்றை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள், ஆமையாரே."

"காட்டினால் பத்தில் ஒன்று. மறைத்தால் முழுவதும். உனக்குத் தெரியாதா, தம்பி?"

"சரி. அந்த மூலைக் கூடை மட்டும் சுண்டெலியுடையது. அதை விட்டுவிடுங்கள்."

"அதில் என் கால் எங்கே?"

"நான்தான் வேண்டாம் என்றேன்."

ஆமை மூலைக் கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இப்போது நீ சொல்வதை வைத்து நான் எதைப் பிரிப்பது?" என்றது.

எருமைகள் எல்லாவற்றையும் சுமந்து போயின.

மழை விட்டது. சுண்டெலி மண்ணைக் கிளறி வைத்துவிட்டு வந்தது. "கூடையைக் கொடுங்கள், அண்ணா. ஈரம் காய்வதற்குள் நட வேண்டும்."

ஊர் கேட்க அவ்வளவு பேசிய முள்ளம்பன்றி, கல்லைப் புரட்டி வெறும் பின்னறையைக் காட்டியது.

நீதி: ஒரு குற்றம் செய்யவில்லை என்பது, செய்த வேறொரு குற்றத்தை மறைக்காது; அதன் இழப்பு நம்மை நம்பியவரையும் சேரும்.